எண்பத்திரண்டு கிலோ துண்டு

என் மேசையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. "பயன்படுத்தியவர் தவறு" என்று அதில் வெட்டியிருக்கும். குளியலறைச் சாமான்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் புகார்ப் பிரிவு என்றால் நானும் அந்த முத்திரையும்தான். குழாயோ சோப்புத் தட்டோ துண்டுக் கம்பியோ, எது உடைந்தாலும் கடிதம் என்னிடம் வரும். படத்தைப் பார்ப்பேன், பல்லைக் கடிப்பேன், குத்துவேன். பன்னிரண்டு வருடத்தில் முத்திரை தேய்ந்து இரண்டு முறை புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். வராமல் என்ன செய்யும்? ஒருத்தர் சோப்புத் தட்டின் மேல் காலை வைத்து ஏறி பல்பு மாட்டியிருக்கிறார். இன்னொருத்தர் ஷவர் குழாயில் குழந்தைக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறார். இரண்டு பேரும் "உங்கள் தரம் சரியில்லை" என்று எழுதுகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதிலும் இந்த ஏழாம் நம்பர் துண்டுக் கம்பி இருக்கிறதே, அது ஐந்து வருடமாக என் பிராணனை வாங்கியது. பளபளவென்று மெல்லிசாக, பார்க்க அழகாக இருக்கும். "கம்பி கையோடு வந்துவிட்டது" என்று மாதத்துக்கு ஒரு கடிதமாவது வரும். "ஐயா, கம்பி தானாகக் கைக்கு வராது, கை போனால்தான் வரும்" என்று ஒரு முறை பதில் எழுதினேன். முதலாளியம்மா அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். அப்புறம் நானே யோசனை சொல்லி, கம்பியின் நடுவில் "துண்டுக்கு மட்டும்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வைத்தேன். ஜனங்கள் சொன்னபடி கேட்டு, துண்டை அதன் மேலேயே போட்டு ஸ்டிக்கரை மூடிவிட்டார்கள். ரொம்ப நாள் வரை அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அது மாமனார் முழங்கால் வழியாக வந்தது.

என் மாமனார் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். இன்னமும் நான் அடுப்படியில் குறுக்கே நின்றால், "உள்ள போம்மா, வழிய விட்டு உள்ள போ" என்பார். அவர் வாழ்க்கையில் பெருமைப்படும் விஷயம் ஒன்றே ஒன்று. "ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம நின்னவன் நான்!" ஒரு கை பைக்கு, ஒரு கை டிக்கெட்டுக்கு, பிடிக்க மூன்றாவது கை ஏது? டிரைவர் பிரேக் அடித்தால் பயணிகள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்களாம். இவர் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டு, "கம்பியப் பிடிங்கய்யா, கம்பி எதுக்கு இருக்கு!" என்று ஊருக்கு உபதேசம் செய்வாராம். இந்தக் கதையை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன்.

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். குளிக்கும்போது ஸ்டூலில் உட்கார வேண்டும், எழுந்திருக்கப் பக்கத்துச் சுவரில் தாங்கு கம்பி மாட்ட வேண்டும். "ஒரு தடவ வழுக்கி விழுந்தா கால் என் கையில இல்ல" என்றும் சொன்னார். எங்கள் தொழிற்சாலையிலேயே தாங்கு கம்பி செய்கிறோம். வெள்ளை நிறம், சொரசொரப்பான பிடி, குதிரையைக் கட்டினாலும் அசையாது. அன்றைக்கே ஒன்றை எடுத்து வந்தேன்.

மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"பிடிச்சு எழுந்திருக்க, மாமா."

"யாரு எழுந்திருக்க?"

"நீங்கதான்."

"நல்லா இருக்கு. ஆஸ்பத்திரிய வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டிலுக்கு அடியில் பழைய செருப்புப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் என்ன பேசுவது?

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டிலும் விதி போடுவார். "கம்பி வேண்டாமா? சரி. அப்ப நான் கூட நிப்பேன். தாழ்ப்பாள் போடக் கூடாது" என்றார். மாமா குளிப்பதையே நிறுத்திவிட்டார். ஐந்து நாள். மூன்றாம் நாள் நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஐந்தாம் நாள் என் கணவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சமாதானம் பேசினார். பத்து நாள் தாழ்ப்பாள் போட்டே குளிக்கலாம், ஆனால் அதற்குள் ஒரே ஒரு தடவை வழுக்கினாலும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவார். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று தானே பார்த்து முடிவு சொல்வார்.

மாமா ஜம்மென்று குளித்தார். உள்ளே போவார், தாழ்ப்பாள் விழும், கால் மணி நேரத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவார். "பாத்தியா? கம்பியாம் கம்பி!" என்று என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். மனுஷன் சாதித்துவிட்டார் என்று நானும் நம்பினேன்.

அந்தப் பத்தில் ஆறாம் நாள் குளியலறையைக் கழுவப் போனேன். துண்டுக் கம்பிக்கு நேர் கீழே தரையில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள். அந்தத் தூளைப் பன்னிரண்டு வருடமாக நூற்றுக்கணக்கான படங்களில் பார்த்தவள் நான். நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஸ்க்ரூ ஒரு நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது. கம்பி ஒரு பக்கமாகக் கீழே வளைந்திருந்தது. எங்கள் வீட்டில் மாட்டியிருப்பதும் அதே ஏழாம் நம்பர்தான். எட்டு கிலோ தாங்கும். அட்டையில் அந்த எட்டை எழுதியதே நான்தான். மாமா எண்பத்திரண்டு கிலோ.

ஸ்க்ரூவைக் கிட்டத்தில் பார்க்க ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நின்று பார்க்கையில் துண்டுக் கம்பியாகத் தெரிந்தது, உட்கார்ந்து பார்க்கையில் அப்படித் தெரியவே இல்லை. தோளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், கைக்கு அடங்கும் பருமனில், "வா, என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்திரு" என்று கூப்பிடாத குறையாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் பிடிக்க வேறு எதுவுமே இல்லை.

ஹாலில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, துண்டுக் கம்பியப் பிடிச்சுதான் எழுந்திருக்கிறீங்களா?"

"யாரு சொன்னா?"

"சுவர் சொல்லுது."

"துண்ட எடுக்கும்போது லேசா கை பட்டிருக்கும்."

"லேசா பட்டா ஸ்க்ரூ வெளிய வருமா?"

"உங்க கம்பெனி சாமான் அப்படி. நான் என்ன பண்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஒரு பக்கம், அதில் என் கம்பெனியையும் சேர்த்து இழுப்பது இன்னொரு பக்கம். "இருங்க, உங்க பிள்ளை வரட்டும், சொல்றேன்" என்றேன்.

மாமா பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பஸ் முழுக்கக் கேட்கிற அந்தத் தொண்டை இறங்கிப் போயிருந்தது.

"சொல்லாதம்மா. சொன்னா அவன் தாழ்ப்பாளக் கழட்டிடுவான். நான் அவனக் குளிப்பாட்டுனவன்மா. அவன் முன்னாடி நான் துணியில்லாம உக்காந்திருக்கிறதா? அந்த ஒரு கதவுதான் எனக்குன்னு இருக்கு."

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அப்ப அந்த வெள்ளைக் கம்பிய மாட்டிக்கலாமே, மாமா. அதுவும் கம்பிதானே?"

"அது எப்படிம்மா ஒண்ணாகும்? அது கிழவன் கம்பி. இது துண்டுக் கம்பி. துண்ட யாரு வேணா எடுக்கலாம்."

ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஞாயிறு வரை அவர் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது, குளிக்கவும் கூடாது; நான் வாயைத் திறக்கக் கூடாது. காரணம் கேட்டால் சளி. அன்று சாயங்காலம் மகன் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா இருமிய இருமலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீசில் ஏழாம் நம்பர் கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். அறுபத்துமூன்று. எல்லாவற்றிலும் என் முத்திரை, சிவப்பு மையில், கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு. இத்தனை நாளும் உடைந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கே வளைந்திருக்கிறது என்று பார்த்தேன். நடுவில் வளைந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரு ஓரத்தில், உட்காரும் பக்கத்து ஓரத்தில்.

கடிதங்களையும் முதல் முறையாக முழுக்கப் படித்தேன். "எனக்கு எட்டாம் மாதம்." "இடுப்பு பிடித்துக்கொண்டது." "அம்மாவுக்குத் தலை சுற்றியது." ஒருவர் எழுதியிருந்தார்: "நான் தொங்கவில்லை, எழுந்தேன்." அதன் மேலேயே குத்தியிருந்தேன். 'எழுந்தேன்' என்ற சொல் என் 'தவறு'க்கு அடியில் பாதி தெரிந்தது. அறுபத்துமூன்று பேர் ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமல் ஒரே தவறைச் செய்தால் அதற்குப் பெயர் தவறா? என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு கை கோப்புகளை அள்ளிக்கொண்டு வடிவமைப்புப் பிரிவுக்குப் போனேன்.

வடிவமைப்புத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டியல். எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவார். "இதன் வேலைகள்" என்று மேலே எழுதி, ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பட்டியல் முடியாமல் பென்சிலால் ஒரு கோடுகூடப் போட மாட்டார். ஆள் கெட்டவர் இல்லை. கொஞ்சம் கனமானவர், அதைவிடக் கனமாகப் பேசுவார்.

"சார், ஏழாம் நம்பர் பட்டியலக் கொஞ்சம் படிங்க."

அவர் சந்தோஷமாக எடுத்தார். "ஒண்ணு, துண்டைத் தாங்கணும். ரெண்டு, துண்டைக் காயவிடணும். மூணு, துருப்பிடிக்கக் கூடாது. நாலு, பார்க்க நல்லா இருக்கணும். எல்லாத்தையும் செய்யுது. சோதனையில பெரிய துண்டு அஞ்சு, அதுவும் சொட்டச் சொட்ட ஈரத்தோட தொங்கவிட்டுப் பார்த்தோம். அசையல."

"கை?"

"கை என்ன கை?"

"மனுஷங்க கை. அத தொங்கவிட்டுப் பார்த்தீங்களா?"

"துண்டுக் கம்பியில கைக்கு என்ன வேலை? பட்டியல்ல இல்லாததச் செஞ்சா அது அத்துமீறல். துண்டுக்கு இடம் கொடுத்தா ஆளே தொங்குறான். இடம் கொடுத்தா மடத்தப் பிடுங்குற கதைதான்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். கம்பி இடம் கொடுக்குது. நாம துண்டுக்கு மட்டும் இடம் கொடுத்ததா நினைக்கிறோம், அது கைக்கும் கொடுக்குது. உங்க பட்டியல்ல பொருள் என்ன செய்யணும்னு இருக்கு. அதப் பார்க்கிற ஆளுக்கு என்ன செய்யத் தோணும்னு ஒரு வரிகூட இல்ல. நிக்கிறவனுக்கு ஒண்ணு தோணும், உக்காந்திருக்கிறவனுக்கு வேற தோணும், முட்டி வலிக்காரனுக்கு இன்னொண்ணு தோணும்."

"தோணுறதுக்கெல்லாம் நான் பொறுப்பா?" என்று கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். கம்பி மேல வரிசையா சின்னச் சின்ன முள்ளு மாதிரி வெச்சுட்டா? ஒருத்தனும் பிடிக்க மாட்டான்."

"துண்டு கிழியாதா?"

"அது சரி, பட்டியல்ல ஒண்ணாம் நம்பர் அடிபடும்" என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

விவகாரம் முதலாளியம்மாவிடம் போனது. அவர் எதையும் காகிதத்தில் பார்க்க மாட்டார், சாமானைப் பார்க்க வேண்டும் என்பார். கீழே வாடிக்கையாளர்களுக்காக ஒரு மாதிரிக் குளியலறை கட்டி வைத்திருக்கிறோம். மூன்று பேரும் அங்கே போனோம். நான் ஒரு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு போனேன்.

பட்டியல் தன் வாதத்தை ஆரம்பித்தார். சரியாகப் பயன்படுத்தினால் கம்பிக்கு ஆயுள் இருபது வருடம் என்றார். சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று காட்ட, ஸ்டூலில் உட்கார்ந்தார். "இதோ பாருங்க மேடம், ஒரு வாடிக்கையாளர் உக்காந்து குளிக்கிறார். குளிச்சு முடிச்சாச்சு. இப்ப அமைதியா எழுந்து, துண்டை எடுத்து..."

எழுந்தார். அவருடைய வாய் துண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது, கை மட்டும் பட்டியலைக் கேட்காமல் பக்கவாட்டில் போய்க் கம்பியைப் பிடித்துவிட்டது. கடக் என்றது. கம்பி, ஸ்க்ரூ, ஒரு முழு டைல், எல்லாம் அவர் கையோடு வந்தன. மனுஷன் மறுபடி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் கம்பியைத் திருப்பி, நடுவில் இருந்த ஸ்டிக்கரை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். அதைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதலாளியம்மா அடக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்த மாதிரி எத்தன வந்துச்சு?"

"அறுபத்துமூணு, மேடம்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"அவங்க தப்புன்னு போட்டேன். அறுபத்துமூணுக்கும். ஒண்ணையும் முழுசாப் படிக்காமலே." சொல்லும்போதே காது சுட்டது. பன்னிரண்டு வருட வேலை அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும் என்று நினைத்தேன். போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு கம்பி வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

முதலாளியம்மா உடைந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பியே வேண்டாம்னு கொக்கி வெச்சா? கொக்கியப் பிடிச்சு யாரும் எழுந்திருக்க மாட்டாங்கல்ல?"

"குழாயப் பிடிப்பாங்க, மேடம். கதவப் பிடிப்பாங்க. எழுந்திருக்க வேண்டியவங்க எதையாவது பிடிச்சு எழுந்திருச்சுத்தானே ஆகணும்?"

"அவங்களுக்குத் தாங்கு கம்பி போடுறோமே. அத வாங்கட்டும்."

அப்போதுதான் மாமா கதையைச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வெள்ளைக் கம்பி, தாழ்ப்பாள், பொய் இருமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அது தாங்கும், மேடம். ஆனா மாட்டின அன்னிக்கே நீ கிழவன்னு சொல்லுது. ஏழாம் நம்பர் அப்படி எதுவும் சொல்றதில்ல. அதனாலதான் கை அதுகிட்டப் போகுது."

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பட்டியல் வாயைத் திறந்தார். இன்னும் டைலை மடியில் வைத்திருந்தார். "வெளிய துண்டுக் கம்பி, உள்ள தாங்கு கம்பி. அதானே வேணும்? குழாய் பருமன ஏத்தி, உள்ள இரும்பு கொடுத்து, ரெண்டு பக்கமும் நாலு நாலு போல்ட். பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது." சொல்லிவிட்டுத் தன் வலது கையைச் சந்தேகமாகப் பார்த்தார். "நான் பிடிக்கணும்னே நினைக்கல, மேடம். அதுவா போச்சு."

அந்த மனுஷன் இரண்டு ராத்திரி வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. பட்டியலில் "ஆளுக்கு என்ன தோணும்" என்று ஒரு புதுப் பத்தி போட்டார். போட்டதும் விடவில்லை, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை முழுக்க அலைந்து, ஒவ்வொரு சாமான் முன்னாலும் உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்தார். சோப்புத் தட்டுக்கு மட்டும் பதினாறு வரி எழுதினார். அதில் "ஏறி நிற்க இடம் கொடுக்கிறது", "பல் செட் வைக்க இடம் கொடுக்கிறது", "கோபம் வந்தால் குத்த இடம் கொடுக்கிறது" என்பதும் உண்டு. கடைசி வரியை எழுதும்போது என்னைத்தான் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் முதல் மாதிரி தயாரானது. சோதனைக்கூடத்தில் எடைக்கல் தொங்கவிடும் அக்காவிடம் கொண்டுபோனோம். அவர் அட்டையை எடுத்துக்கொண்டு, "எத்தன கிலோ?" என்றார்.

"எண்பத்திரண்டு. அப்புறம் அதுல ரெண்டு மடங்கு."

"இது என்ன சாமான்?"

"துண்டுக் கம்பி."

அக்கா பேனாவை மூடினார். "எந்த ஊருல விக்குது எண்பத்திரண்டு கிலோல துண்டு? அதப் போத்துனா ஆளு எழுந்திருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே கற்களை மாட்டினார். அசையவில்லை. இரண்டு மடங்கு மாட்டினார். அசையவில்லை. கடைசியில் திருப்தி இல்லாமல் கற்களைக் கழற்றிவிட்டுத் தானே பிடித்துத் தொங்கி இரண்டு ஆட்டு ஆடிப் பார்த்து, "நல்ல துண்டு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை. என் கணவர் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் தயாராக இருந்தது. அது தாழ்ப்பாளுக்கு. அதற்கு முன்னால் பழைய கம்பி ஆடுகிறது, புது மாடல் வந்திருக்கிறது என்று சொல்லி அவரையே துளை போட வைத்தேன். மாமா கதவோரம் நின்று மேற்பார்வை செய்தார்.

"துண்டுக்கு எதுக்குடா எட்டு போல்ட்டு? எழுந்து ஓடிடுமா?"

"இதுல துண்டு சீக்கிரம் காயும், மாமா" என்றேன். போல்ட்டுக்கும் காய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, புதுத் துண்டு ஒன்றை எடுத்து அழகாக மடித்துக் கம்பியின் மேல் போட்டேன். பார்த்தால் அசல் துண்டுக் கம்பி. எனக்கே பெருமையாக இருந்தது.

மாமா உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. நானும் என் கணவரும் வெளியே நின்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நின்றது. இப்போதுதான் எழ வேண்டும். ஸ்டூல் கிறீச்சென்றது.

"அடச்சீ!" என்று உள்ளே ஒரு சத்தம். தொப்பென்று ஏதோ விழுந்தது.

என் கணவர் ஸ்க்ரூடிரைவரோடு கதவில் மோதினார். "அப்பா! அப்பா! என்னாச்சு?"

"இருடா, உயிர் போற மாதிரி கத்தாத!"

ஸ்டூல் மறுபடி கிறீச்சென்றது. ஒரு முனகல், ஒரு பெருமூச்சு. ஈரக் கால் இரண்டு அடி வைக்கும் சத்தம். தாழ்ப்பாள் திறந்தது. மாமா இடுப்பில் வேட்டியைச் சுற்றிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நேராக நின்றார். கையில் என் புதுத் துண்டு, சொதசொதவென்று நனைந்து கிடந்தது.

"எந்தப் புத்திசாலி இதக் கொண்டுபோய் அங்க போட்டது?"

"நான்தான், மாமா."

"படிச்சவதானே நீ? துண்டு மேல கைய வெச்சா துண்டோட சேந்து கையும் வழுக்காதா?"

என் கணவர் விரலை உயர்த்தினார். "வழுக்கிடுச்சுல்ல? அப்பா, நாம பேசினது..."

"வழுக்கினது துண்டுடா, நான் இல்ல. நான் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். அத எடுத்துக்கிட்டு, கம்பியப் பிடிச்சு எழுந்து வந்து நிக்கிறேன், பாரு."

"துண்டுக் கம்பியில துண்டப் போடாம வேற எங்கப்பா போடுறது?"

"துண்டுக் கம்பியா?" மாமா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணு இருக்கா உனக்கு? அது நான் பிடிச்சு எழுந்திருக்கிற கம்பி. அதுல ஒரு துணியும் போடக் கூடாது, சொல்லிட்டேன். துண்டுக்குக் கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணி அடி."

நனைந்த துண்டை மகன் தோளில் போட்டுவிட்டு, கொடியிலிருந்து நான் எடுத்து நீட்டிய உலர்ந்த துண்டை வாங்கிக்கொண்டு, மாமா உள்ளே போனார். தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் தள்ளிவிட்டு, வீட்டில் ஆணி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.